டிஸ்க் ஆபரேஷன் காலுக்கு, முதுகுக்கு அல்ல

டிஸ்க் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "ஆபரேஷன் பண்ணியும் முதுகு வலிக்குதே, அப்போ சரியாப் பண்ணலையா?" பார்க்க வருகிற உறவுக்காரர் அதற்கு ஒரு படி மேலே போய், "முதுகுல கத்தி வச்சாலே அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இரண்டு பேரும் தவறுகிற இடம் ஒன்றேதான். இந்த ஆபரேஷனை முதுகுவலிக்காகச் செய்வதில்லை. காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிக்கொண்டிருக்கும் துண்டை எடுப்பதற்காகச் செய்கிறார்கள். இதை ஆபரேஷனுக்கு முன்பே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால், பிறகு வரும் மூன்று மாதப் பதற்றத்தில் பாதி இருக்காது.

இடுப்புப் பகுதியில் முள்ளெலும்புகள் ஐந்து, எல்-1 முதல் எல்-5 வரை. அதற்குக் கீழே, இடுப்புக்கூட்டோடு சேரும் எலும்பு எஸ்-1. ஒவ்வொரு இரண்டு எலும்புக்கும் நடுவே இருப்பதைத்தான் நம் ஊரில் ஜவ்வு என்கிறோம், டாக்டர் டிஸ்க் என்கிறார். வெளியே நார் நாராகப் பின்னிய கெட்டியான வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். வயதாக ஆகக் கூழில் நீர் குறையும், வளையம் நையும். ஒருநாள் அது கிழிந்து கூழ் பின்பக்கமாகப் பிதுங்கினால் அங்கே சரியாக நரம்பு வேர் நிற்கிறது. இடுப்பில் வரும் டிஸ்க் பிதுக்கங்களில் பத்துக்கு ஒன்பது கடைசி இரண்டு இடங்களில், அதாவது எல்-4 எல்-5 நடுவிலோ எல்-5 எஸ்-1 நடுவிலோதான் வரும். அதனால்தான் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டுகளை அடுக்கிப் பார்த்தால் எல்லாரும் ஒரே ரிப்போர்ட்டை நகல் எடுத்துக்கொண்டு அலைவது போலத் தோன்றும்.

நரம்பை அழுத்துவது டிஸ்க்கின் துண்டுதான் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டு இன்னும் நூறு வருஷம் ஆகவில்லை. அதற்கு முன் இதே துண்டை ஆபரேஷனில் எடுத்துப் பார்த்தவர்கள் குருத்தெலும்புக் கட்டி என்று எழுதிவைத்தார்கள். பாஸ்டனில் நரம்பு அறுவை நிபுணர் வில்லியம் மிக்ஸ்டரும் எலும்பு நிபுணர் ஜோசப் பாரும் 1934-இல் வெளியிட்ட கட்டுரை, இது கட்டியல்ல, கிழிந்த டிஸ்க்கிலிருந்து வந்த துண்டு, இதை எடுத்தால் கால்வலி போகிறது என்று காட்டியது. 1977-இல் சூரிச்சில் யாசர்கிலும் ஜெர்மனியில் காஸ்பரும் மைக்ரோஸ்கோப் வைத்துச் சின்ன வெட்டில் செய்யும் முறையை எழுதினார்கள். இன்று மைக்ரோடிசெக்டமி என்று ரசீதில் வருவது அதன் வழித்தோன்றல்தான். எண்டோஸ்கோப் வழியாகச் செய்வது இன்னும் சின்ன வெட்டு. வெட்டின் அளவைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசும், ஆனால் உள்ளே நடக்கிற வேலை ஒன்றுதான்.

அந்த வேலை என்ன என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அடுத்த ஆறு மாதத்தில் உடம்பு செய்கிற எல்லாவற்றுக்கும் விளக்கம் இதில்தான் இருக்கிறது. முதுகின் நடுவில் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வெட்டு. தசையை எலும்பிலிருந்து ஒதுக்கி, எலும்பின் ஓரத்தில் லேசாகச் செதுக்கி, அதன் அடியில் இருக்கும் மஞ்சள் நிறத் தசைநாரைக் கொஞ்சம் எடுத்து, நரம்பை மெதுவாக ஒரு பக்கம் நகர்த்தி, பிதுங்கிய துண்டையும் கூடவே தளர்ந்து கிடக்கும் கூழையும் பிடுங்கி எடுக்கிறார்கள். டிஸ்க் முழுவதையும் எடுப்பதில்லை. கிழிந்த ஓட்டையைத் தைப்பதும் இல்லை. (அடைப்பதற்கென்று சாதனங்கள் வந்திருக்கின்றன, எல்லோருக்கும் வைப்பதில்லை.) ஆக, ஆபரேஷன் மேசையிலிருந்து இறங்கும் ஆள், நரம்பு விடுபட்ட ஆள். நைந்த டிஸ்க்கும், அதில் இருக்கும் ஓட்டையும் அப்படியே கூடவே வருகின்றன. போதாததற்கு, வெட்டி ஒதுக்கிய தசை வேறு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. முதுகு வலிக்காமல் என்ன செய்யும்?

மேல் தோல் பத்துப் பதினைந்து நாளில் ஒட்டிவிடும். தசைக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம். டிஸ்க் மட்டும் வேறு ரகம். வளர்ந்த மனித உடம்பில் ரத்தக் குழாய் இல்லாத உறுப்புகளில் மிகப் பெரியது இதுதான், மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டு வழியாக ஊறிவரும் சத்தில்தான் பிழைக்கிறது. அதனால் அந்த ஓட்டையின் வெளி ஓரம் தழும்பாக மூடுவதற்கே மாதக்கணக்கு ஆகும், பழைய நார் வளையம் திரும்பி வராது. முதல் ஆறு வாரம், மூன்று மாதம் என்று டாக்டர் போடும் கெடுவெல்லாம் இந்தத் தழும்புக்காகத்தான். சிகரெட்டை நிறுத்தச் சொல்வதும் அதற்குத்தான், ஏற்கெனவே சொட்டுச் சொட்டாக ஊறுகிற இடத்தில் புகை அதையும் சுருக்குகிறது.

கால் எப்போது சரியாகும்

கால்வலி, அதாவது பிட்டத்திலிருந்து தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை கரண்ட் அடித்தது போல இழுத்த அந்த வலி, பலருக்கு மயக்கம் தெளியும்போதே காணாமல் போயிருக்கும். இதைப் பார்த்துத்தான் "மேஜிக் மாதிரி" என்கிறார்கள். ஆனால் கட்டைவிரல் மரப்பும் பாதத்தின் பலவீனமும் அதே வேகத்தில் போகாது. காரணம், வலியும் மரப்பும் ஒரே நரம்பில் இருந்தாலும் அவை உண்டாகும் விதம் வேறு. வலி என்பது அழுத்தமும் வீக்கமும் சேர்ந்து நரம்பைச் சீண்டுவதால் வருவது. பிதுங்கிய கூழ் வெறுமனே இடிப்பதோடு நிற்பதில்லை, அதிலிருந்து கசியும் ரசாயனங்களே நரம்பைப் புண்ணாக்கும். சீண்டல் நின்றால் வலி நிற்கும். மரப்பு அப்படியல்ல, அது இழைகள் கெட்டுப்போனதன் அடையாளம். நெரிசலான பஸ்ஸில் ஒருவர் நம் காலை மிதித்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றால், அவர் இறங்கிப் போன பிறகும் விரல் வலிக்கத்தான் செய்யும். இங்கே மிதித்தது அரை மணி அல்ல, பல மாதம்.

இழையின் மேலுறை மட்டும் கெட்டிருந்தால் சில வாரங்களில் திரும்பிவிடும். உள்ளே இழையே அறுந்திருந்தால் அது மறுபடி வளர வேண்டும், அந்த வளர்ச்சி ஏறத்தாழ நாளுக்கு ஒரு மில்லிமீட்டர். இடுப்பிலிருந்து பாதத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பொதுவாக வலி முதலில் போகும், பலம் அடுத்து, மரப்பு கடைசியில். சிலருக்கு ஓரத்தில் ஒரு துண்டு மரப்பு நிரந்தரமாகவே தங்கிவிடும், அதோடு அவர்கள் நன்றாக நடக்கிறார்கள், ஓடுகிறார்கள்.

பலத்தைப் பார்க்க எளிய வழி உண்டு. எல்-5 நரம்பு கட்டைவிரலையும் பாதத்தையும் மேலே தூக்கும். அது கெட்டிருந்தால் நடக்கும்போது ஹவாய் செருப்பு தன்னால் நழுவிப்போகும், பாதம் தரையில் தேயும். எஸ்-1 கெட்டிருந்தால் ஒற்றைக் காலில் நுனிவிரலில் எழும்ப முடியாது. வாரம் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு இதைப் பார்த்துக் குறித்து வைத்தால் போதும். தினமும் பத்துத் தடவை கிள்ளிப் பார்ப்பதில் பயன் இல்லை, மரப்பு ஒரு நாளில் மாறாது, கிள்ளிய இடம்தான் சிவக்கும்.

இன்னொன்று, இதைக் கேட்டுப் பயந்துபோனவர்கள் நிறைய. ஆபரேஷன் அன்று முழுசாகப் போன கால்வலி, மூன்றாவது நாளிலிருந்து ஒரு வாரம் பத்து நாள் வரைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். ஆபரேஷன் சமயத்தில் போட்ட மருந்துகளின் வேகம் இறங்குவதும், வெட்டுப்பட்ட இடத்தில் வீக்கம் ஏறுவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பழைய வலியின் பாதிகூட இருக்காது, வரும், போகும், பிறகு அடங்கிவிடும். அடங்காமல் நாளுக்கு நாள் ஏறினால் அது வேறு கதை, அதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் சில நாட்களில் கற்றுக்கொள்ள வேண்டியது படுக்கையிலிருந்து எழுவது ஒன்றுதான். நேராக நிமிர்ந்து எழக்கூடாது. முட்டியை மடித்து, தோளும் இடுப்பும் ஒன்றாகக் கட்டை போல ஒரு பக்கம் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டுக்கொண்டே கையை ஊன்றி எழ வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுத்துப் பழகியவர்களுக்கு இங்கேதான் சிக்கல், தரையிலிருந்து எழுவது இடுப்பை இரண்டாக மடக்கும். ஒரு மாதத்துக்காவது கட்டில் வேண்டும். "கட்டாந்தரையில படுத்தாத்தான் முதுகுக்கு நல்லது" என்பதை ஆபரேஷன் ஆனவருக்குச் சொல்லாதீர்கள். அதே காரணத்துக்காக இண்டியன் டாய்லெட்டும் கொஞ்ச நாள் ஆகாது. வீட்டில் வெஸ்டர்ன் இல்லாவிட்டால் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி மெடிக்கல் கடைகளிலேயே கிடைக்கிறது, ஆபரேஷனுக்கு முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும்.

டாய்லெட் பேச்சு வந்ததால் மலச்சிக்கலையும் சொல்லிவிடலாம். வலிக்குக் கொடுக்கும் மாத்திரையில் டிராமடால் வகை இருந்தால் குடல் மந்தமாகும், படுக்கையில் கிடப்பதும் சேர்ந்து மூன்று நாள் போகாமல் இருக்கும், முக்கினால் இடுப்பில் அழுத்தம் ஏறும். பலருக்கு முதல் வாரத்தின் மிக மோசமான வேதனை ஆபரேஷன் புண்ணை விட இதுதான். இளக்கும் மருந்தை டாக்டர் எழுதியிருந்தால் ஒழுங்காகச் சாப்பிடுங்கள், எழுதாவிட்டால் கேளுங்கள். நரம்புக்கென்று கொடுக்கும் ப்ரீகேபலின், கேபாபென்டின் போன்றவை தலைசுற்றலைத் தரும், ராத்திரி பாத்ரூம் போக எழும்போது விளக்கைப் போட்டுக்கொண்டு போவது நல்லது. அந்த மாத்திரைகளைத் திடீரென்று தானாக நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.

சாப்பாட்டில் நம் வீடுகளில் நடக்கும் கூத்து தனி. பச்சை உடம்பு என்று சொல்லி முட்டை கூடாது, மீன் கூடாது, கத்தரிக்காய் அரிக்கும், தயிர் சீழ் பிடிக்கும் என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் ரசம் சாதமும் இட்லியும் மிஞ்சும். புண் ஆற வேண்டியிருக்கும் நேரத்தில் புரதத்தைப் பிடுங்கிக்கொள்வது எந்தப் பத்தியம் என்று எனக்குப் புரிவதில்லை. முட்டை, பருப்பு, மீன், தயிர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். உண்மையில் கவனிக்க வேண்டியது சர்க்கரை. நீரிழிவு இருப்பவர்களுக்குப் புண்ணில் கிருமி தொற்றும் ஆபத்து கூடுதல், ஆனால் வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இருக்காது, கத்தரிக்காயைப் பற்றி மட்டும் இருக்கும். அப்புறம், எண்ணெய் தேய்த்து நீவிவிடுபவர், சுளுக்கு எடுப்பவர், குப்புறப் படுக்கவைத்து முதுகில் ஏறி மிதிப்பவர், இவர்கள் யாரையும் அந்தப் பக்கமே விடாதீர்கள்.

நடைதான் முதல் மருந்து. பெரும்பாலும் ஆபரேஷன் அன்றோ மறுநாளோ நடக்கவிடுகிறார்கள். ஒரே மூச்சில் நீண்ட நடை வேண்டாம், வீட்டுக்குள்ளேயோ மாடியிலேயோ ஐந்து பத்து நிமிடம், நாளில் பல தடவை, பிறகு மெல்லக் கூட்டிக்கொண்டே போகலாம். பெல்ட்டை எல்லாரும் மாட்டிவிடுகிறார்கள், அது ஒன்றும் டிஸ்க்கைப் பிடித்து நிறுத்திவிடாது, குனியாதே என்று ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். மாதக்கணக்கில் கட்டிக்கொண்டே இருந்தால் தசைக்கு வேலை இல்லாமல் போகும்.

உட்காருவதைப் பற்றித்தான் டாக்டருக்கு டாக்டர் பேச்சு மாறுகிறது, அதனால் நோயாளிகள் குழம்புகிறார்கள். ஒருவர் ஆறு வாரம் உட்காரவே கூடாது என்கிறார், இன்னொருவர் முடிந்த அளவு உட்காருங்கள் என்கிறார். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1960-களில் சுவீடனின் நாகெம்சன், ஊசி வைத்து டிஸ்க்குக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தார். நிற்பதை விட உட்காரும்போது அழுத்தம் அதிகம் என்று அதில் வந்தது. உலகம் முழுக்க "உட்காராதே" என்ற அறிவுரைக்கு இந்த அளவு ஒரு பெரிய ஆதாரமாக இருந்தது. 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கேயும் அவருடைய குழுவும் புதிய கருவியால் மறுபடி அளந்தபோது, தளர்வாகச் சாய்ந்து உட்கார்ந்தால் நிற்பதை விட அழுத்தம் அதிகம் இல்லை என்று வந்தது. ஒரே ஒரு தன்னார்வலரின் முதுகில் எடுத்த அளவுதான், அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நாற்காலியைக் கண்டு நடுங்குவதற்கு அது முன்பிருந்த அளவு காரணம் தரவில்லை. நல்ல சாய்மானத்தோடு இருபது முப்பது நிமிடம் உட்கார்ந்து எழுந்து நடமாடுவது பெரும்பாலானவர்களுக்குச் சரிப்படும். சோபாவில் புதைந்து இரண்டு சீரியல் பார்ப்பது சரிப்படாது.

அதே உல்ம் அளவில் நமக்கு மிகவும் உபயோகமானது வேறு ஒன்று. அந்த ஆள் சுமார் 20 கிலோ எடையுள்ள பீர் பெட்டியைத் தூக்கினார். முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது டிஸ்க்கின் அழுத்தம் சும்மா நிற்கும்போது இருப்பதைப் போல நாலரை மடங்கு ஏறியது. முட்டியை மடக்கித் தூக்கியபோது மூன்றரை மடங்கு. தூக்கிய பிறகு உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபோது இரண்டு மடங்குக்குச் சற்று மேல், கையை நீட்டிப் பிடித்தபோது மறுபடி மூன்றரை மடங்கு. நம் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போகும் தண்ணீர் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. அதைத் தரையிலிருந்து தூக்கிக் கவிழ்த்து வைக்கிற அந்த அசைவில் குனிதல், முறுக்குதல், கையை நீட்டிப் பிடித்தல் மூன்றும் சேர்ந்திருக்கின்றன. முழு கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. மூன்று மாதத்துக்கு இவை இரண்டையும் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் கேன் தூக்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டமில்லை, கைப்பம்பு மலிவு.

வேலைக்கு எப்போது போகலாம் என்றால், மேசை வேலைக்கு இரண்டு முதல் நான்கு வாரம், மூட்டை தூக்குகிற, கட்டட வேலை செய்கிற ஆட்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் என்பது வழக்கமான கணக்கு. இது கல்வெட்டு அல்ல. ஸ்டான்ஃபோர்டில் யூஜின் கராகி 1990-களில் 50 பேரை ஆபரேஷனுக்குப் பிறகு எந்தக் கட்டுப்பாடும் போடாமல் அனுப்பிப் பார்த்தார், சராசரியாக இரண்டு வாரத்துக்குள்ளேயே வேலைக்குத் திரும்பினார்கள், பெரிய கேடு எதுவும் வரவில்லை. அதைப் படித்த டாக்டர்கள் தளர்வாக விடுகிறார்கள், தழும்பு ஆறட்டும் என்று நினைப்பவர்கள் இறுக்கிப் பிடிக்கிறார்கள். உங்கள் டிஸ்க்கின் ஓட்டை எவ்வளவு பெரியது என்று பார்த்தவர் உங்கள் டாக்டர்தான், அதனால் இரண்டு டாக்டர் பேச்சு முரண்பட்டால் உள்ளே பார்த்தவர் பேச்சைக் கேட்பது நல்லது. பைக் மட்டும் எல்லாரும் தள்ளிப்போடச் சொல்வது, அதில் ஞாயம் இருக்கிறது. நம் தெருக்களில் வேகத்தடைகளை அளந்தா கட்டுகிறார்கள்? பஸ்ஸில் போவதாக இருந்தால் பின்சீட்டைத் தவிர்த்துவிடுங்கள்.

உடற்பயிற்சிக்கு வந்தால், பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2014-இல் வந்த காக்ரேன் தொகுப்பு, ஆபரேஷன் முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் பயிற்சி தொடங்கியவர்களுக்கு ஒன்றும் செய்யாதவர்களை விட வலியும் முடக்கமும் சீக்கிரம் குறைகின்றன என்றும், பயிற்சியால் மறு ஆபரேஷன் கூடியதாகத் தெரியவில்லை என்றும் சொல்கிறது. ஆதாரம் அவ்வளவு கெட்டியானதல்ல என்பதையும் அதுவே சொல்கிறது. நல்ல பிசியோ கிடைத்தால் வயிறு, இடுப்பு, பிட்டத் தசைகளில் தொடங்குவார். கரண்ட் வைத்து, சூடு வைத்து இருபது நிமிடம் படுக்கவைத்து அனுப்பிவிடுகிற இடமாக இருந்தால் அந்தக் காசை மிச்சம் பிடித்து நடக்கலாம்.

தாம்பத்தியம் பற்றி யாரும் கேட்பதும் இல்லை, யாரும் சொல்வதும் இல்லை. சில வாரங்களில், வலி இல்லாத அளவுக்கு, ஆபரேஷன் ஆனவர் மல்லாந்து படுத்திருக்கும் நிலையில் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. டாக்டரிடம் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஆபரேஷன் ஆனவர் ஆணாக இருந்தால் மூன்று மாதம் தட்டு கைக்கு வருகிறது. பெண்ணாக இருந்தால் பத்தாம் நாள் "சும்மா ஒரு குழம்பு மட்டும்" என்று அடுப்படிக்குப் போய்விடுகிறார், அப்புறம் துணி, அப்புறம் தண்ணீர்க் குடம். அவர் நின்றுகொண்டு காய் நறுக்குவதில் தப்பில்லை. கீழே உட்கார்ந்து அரிவாள்மனையில் நறுக்குவதும், குனிந்து வீடு கூட்டுவதும், ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவதும்தான் தப்பு. பெண்களுக்கு மறுபடி வலி வந்தால் "அவ உடம்பு அப்படி" என்கிறார்கள், வாளியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உடனே ஓட வேண்டிய நேரங்கள்

சிறுநீர் போக வேண்டும் போல் இருந்தும் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது தெரியாமலே போனால், அல்லது உட்காரும் இடம், பிறப்புறுப்பு, ஆசனவாய் பகுதி மரத்துப்போனால் அன்றைக்கே, அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் வால்பகுதி நரம்புக்கற்றை மொத்தமும் நெரிபடுகிறது என்று பொருள், விடியட்டும் என்று காத்திருக்கிற விஷயம் அல்ல. பாதத்தின் பலம் திடீரென்று குறைவதும் அப்படித்தான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம், மூச்சு வாங்கினால் இன்னும் அவசரம்.

தந்திரமாக வருவது டிஸ்க்குக்குள் வரும் தொற்று. முதல் இரண்டு வாரம் எல்லாம் நன்றாகப் போகும், மேலே புண்கூட சுத்தமாக ஆறியிருக்கும். பிறகு இரண்டாம் வாரத்திலிருந்து நாலாம் வாரத்துக்குள் முதுகில் தாங்க முடியாத வலி, புரளக்கூட முடியாத இறுக்கம், சிலருக்குக் காய்ச்சல், சிலருக்குக் காய்ச்சலே இல்லை. மேல் புண் நன்றாக இருப்பதால் "தசைப்பிடிப்பு" என்று தள்ளிப்போடுவது எளிது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற சாதாரண ரத்தப் பரிசோதனைகளே துப்புக் கொடுத்துவிடும்.

இன்னொன்று நரம்புப் பையின் உறை கிழிவது. உட்கார்ந்தால் தலை வெடிக்கும், படுத்தால் அடங்கும். சிலருக்குப் புண்ணிலிருந்து தண்ணீர் போன்ற திரவம் கசியும். பெரும்பாலும் ஆபரேஷனிலேயே கண்டுபிடித்து அடைத்துவிடுவார்கள். ஆனால் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், 2015 ஜூலையில் டிஸ்க் ஆபரேஷன் செய்துகொண்டபோது இந்தக் கசிவு உண்டாகி, செப்டம்பரில் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டது. அடுத்த சீசனின் முதல் 43 ஆட்டங்களுக்கு அவரால் வர முடியவில்லை, தலைவலி பல வருஷம் துரத்தியது. ஆபரேஷன் வேண்டாம், முடிந்தவரை பயிற்சியால் பாருங்கள் என்று அவர் பிறகு வெளிப்படையாகவே சொன்னார். இது அபூர்வம், ஆனால் "சின்ன ஆபரேஷன்தான் சார்" என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஒரு வருஷம் கழித்து

செய்துகொண்டது தேவைதானா என்ற சந்தேகம் எல்லாருக்கும் ஒருநாள் வரும். நெதர்லாந்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு இதற்கு நேர்மையான பதிலைத் தருகிறது. கடும் கால்வலியோடு வந்த 283 பேரில் ஒரு பாதிக்குச் சீக்கிரம் ஆபரேஷன், மறுபாதிக்கு மருந்தும் காத்திருப்பும், தாங்க முடியாவிட்டால் பிறகு ஆபரேஷன். சீக்கிரம் செய்தவர்களில் பாதிப் பேர் குணமாக 4 வாரம், காத்திருந்தவர்களில் பாதிப் பேர் குணமாக 12 வாரம். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்கே போனார்கள். ஒரு வருஷம் முடிந்தபோது இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். அதாவது, பலம் குறையாமல், சிறுநீர்ப் பிரச்சினை இல்லாமல் வெறும் வலியோடு போனவருக்கு ஆபரேஷன் வாங்கித் தருவது நேரம்தான். அந்த நேரம் சிலருக்கு வேலையையும் தூக்கத்தையும் காப்பாற்றும், அதனால் அதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷன் ஆகிவிட்டது, இனி முதுகு புதுசு என்று நினைக்க இதில் இடமில்லை.

முதுகு எப்போதாவது பிடித்துக்கொள்ளும், அது சரியாகும். அப்போதெல்லாம் எம்.ஆர்.ஐ. எடுக்க ஓடினால் படத்தில் ஏதாவது தெரியத்தான் செய்யும். 1994-இல் அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 52 சதவீதம் பேருக்கு ஒரு டிஸ்க்காவது உப்பியிருந்தது. ஆபரேஷன் ஆன இடத்தில் தழும்பும் சேர்ந்துகொள்ளும், தழும்பா புதுத் துண்டா என்று பிரித்துப் பார்க்கக் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்க வேண்டும். கால்வலி இல்லாமல், பலம் குறையாமல் இருக்கும்போது அந்தப் படம் பயத்தைத்தான் வாங்கித் தரும். பயம் சின்ன விஷயம் அல்ல. குனிய மாட்டேன், தூக்க மாட்டேன், பேரனைக்கூட வாங்க மாட்டேன் என்று வருஷக்கணக்கில் விறைத்துக்கொண்டு நடப்பவர்களுக்குத் தசை சுருங்கி, அந்த விறைப்பே வலியாகிறது. மூன்று மாதத்துக்குப் பிறகு, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, குனிவது ஒரு பயிற்சி, குற்றம் அல்ல.

மறுபடி வருமா என்றால், சிலருக்கு வரும். நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேர் வரை என்று ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 2014 மார்ச்சில் ஆபரேஷன் செய்துகொண்டு மூன்றே மாதத்தில் மைதானத்துக்குத் திரும்பினார். 2015 செப்டம்பரில் மறுபடி, அக்டோபரில் இன்னொன்று, 2017 ஏப்ரலில் எலும்புகளை இணைக்கும் ஆபரேஷன். அதற்குப் பிறகுதான் 2019-இல் மாஸ்டர்ஸ் போட்டியில் ஜெயித்தார், 2020 கடைசியில் மறுபடி ஒரு மைக்ரோடிசெக்டமி. இடுப்பை அந்த வேகத்தில் முறுக்குவதையே தொழிலாகக் கொண்டவரின் கணக்கு இது. நம் கணக்கு வேறு. முதல் ஆபரேஷனுக்குப் பிறகு நன்றாக இருந்து, திடீரென்று அதே பக்கம் அதே காலில் பழைய வலி திரும்பினால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் முதலில் மருந்தும் ஓய்வும்தான், பலம் குறைந்தால் மட்டும் அவசரம். இரண்டாவது முறை என்றாலே ஸ்க்ரூ வைத்து எலும்புகளை இணைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை, பலருக்கு அதே சின்ன ஆபரேஷனே மறுபடி போதும். உடனே ஸ்க்ரூ என்று சொன்னால் இன்னொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள்.

யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்பே சொல்ல முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. முன்பு சொன்ன அதே கராகி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், துண்டு வெளியே வந்து வளையத்தில் சின்ன வெடிப்பு மட்டும் இருந்தவர்களில் ஒரு சதவீதம் பேருக்குத்தான் மறுபடி பிதுங்கியது. வளையத்தில் பெரிய ஓட்டை இருந்தவர்களில் 27 சதவீதம். அதனால் தையல் பிரிக்கப் போகும்போது "ஓட்டை எவ்வளவு பெரிசா இருந்தது டாக்டர்?" என்று கேட்கலாம். ஆறு வாரமா மூன்று மாதமா என்ற கேள்விக்கான பதில் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. பெரும்பாலும் டிஸ்சார்ஜ் தாளில் அதை எழுதுவதில்லை, ஆபரேஷன் குறிப்பில் இருக்கும்.